டயலில் பேர் இல்லை



'ஒரு பொருளுக்குப் பெருமை தருவது அதன் விலையா, கைவேலையா?' இதுதான் தலைப்பு. கைவேலைதான் என்று பேச நான் வந்திருக்கிறேன். எதிரணி அண்ணன் வந்ததும் வராததுமாக இடது கையைத் தூக்கிக் காட்டினார். சுவிஸ் வாட்ச்சாம். விலை ஒரு லட்சத்துக்கு மேலயாம். இதைக் கட்டிக்கிட்டுப் போனா ஓட்டல்ல சர்வர்கூட முதல்ல எனக்குத்தான் தண்ணி வைக்கிறான்னார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். நல்ல வாட்ச்தான், இல்லேன்னு சொல்லல.

ஆனா நடுவர் அவர்களே, நான் கட்டின முதல் வாட்ச்சோட விலை நாலணா! (சிரிப்பு)

ஜவ்வு மிட்டாய் வாட்ச் ஐயா. உயரமான மூங்கில் கழி, அது உச்சியில ஒரு பொம்மை. கீழ கயித்தை இழுத்தா பொம்மை ரெண்டு கையையும் தட்டும். கழியைச் சுத்தி ரோஸ் கலர்லயும் வெள்ளையிலயும் மிட்டாயை உருட்டி, பாலிதீன் கவரைப் போட்டு மூடியிருப்பாரு. நாலணா குடுத்தா ஒரு துண்டை இழுப்பாரு, முறுக்குவாரு, மடிப்பாரு. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வட்டமா ஒரு டயல், ரெண்டு பக்கமும் பட்டை, நடுவுல முள்ளு, எல்லாம் ரெடி. அப்படியே நம்ம மணிக்கட்டுல ஒட்டி விட்டுடுவாரு. கொசுறா ஒரு துளி கன்னத்துல.

அதை எங்க அப்பாகிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். எங்க அப்பா யாரு? மேற்குத் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துல மூணடிக்கு ரெண்டடி கண்ணாடிப் பெட்டி வச்சு, நாப்பது வருஷம் வாட்ச் ரிப்பேர் பண்ணினவரு. கண்ணுல மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழட்டாமலே என் கையைப் பிடிச்சு மிட்டாய் வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "வேலை சுத்தமா இருக்கு பாப்பா. ஆயில் போட வேண்டாம். எறும்பு மட்டும் வராமப் பாத்துக்க"ன்னாரு. (சிரிப்பு) அஞ்சு நிமிஷத்துல வாட்ச்சைத் தின்னுட்டேன். பட்டையை என் தம்பி தின்னுட்டான்.

இப்ப 1997-க்கு வர்றேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. மாப்பிள்ளைக்குக் கிண்டியில ஒரு கம்பெனியில வேலை. நல்ல மனுஷன். அவரு எதுவும் கேக்கல. அவரோட தாய்மாமன் கேட்டாரு. எல்லாக் கல்யாணத்துலயும் இப்படி ஒருத்தர் இருப்பாரு, நீங்க பார்த்திருப்பீங்க. "நாங்க பெருசா ஒண்ணும் எதிர்பார்க்கல. மோதிரம், செயினு, அப்புறம் மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல ஃபாரின் வாட்ச்"சுன்னாரு. கம்பெனி பேரையும் சொன்னாரு.

இந்த இடத்துல நடுவர் அவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். நம்ம நாட்டுல வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961. ஜப்பான்காரங்க சிட்டிசன் கம்பெனியோட கைகோத்து, பெங்களூர்ல எச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்ய ஆரம்பிச்சதும் அதே 1961. நேருதான் முதல் வாட்ச்சுகளை வெளியிட்டாரு. கேட்டு வாங்கறது தப்புன்னு சட்டம் வந்த அதே வருஷத்துல, கேக்கறதுக்குன்னு ஒரு சாமானும் வந்துடுச்சு பாருங்க! (சிரிப்பு, கைதட்டல்) எங்க அம்மா காலத்துல மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. கட்டினா ஊரே திரும்பிப் பார்க்கும். 1984-ல டாடாவும் நம்ம தமிழ்நாட்டு டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கினப்புறம் ஓசூர் வாட்ச்சு கல்யாணத் தட்டுக்கு வந்துச்சு. 1997-ல எங்க சம்பந்தி வீட்டுக்கு அதுவும் பத்தல. ஃபாரின்தான் வேணும்.

அந்த ஃபாரின் வாட்ச்சோட விலை, எங்க அப்பா ஒரு வருஷம் ரிப்பேர் பண்ணி மிச்சம் பிடிக்கிற காசு. வட்டிக்குத்தான் வாங்கணும். எங்க சித்தப்பா ஒரு வழி சொன்னாரு. "அண்ணே, நீங்க ஏன் கஷ்டப்படறீங்க? டூப்ளிகேட் அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்குது. அதே டயலு, அதே பேரு. யாருக்குத் தெரியப் போவுது?"

எங்க அப்பா கோபப்படல. அவரு சொன்னதை அப்படியே சொல்றேன். "எனக்குத் தெரியும்டா. டூப்ளிகேட்டுல இருக்கிற மெஷின் பொய் சொல்லாது. நேரத்தைச் சரியாத்தான் காட்டும். பொய் சொல்றது டயல் மேல இருக்கிற பேருதான். நாளைக்கு மாப்பிள்ளை அதை ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போவாரு. அங்க என்னை மாதிரி ஒருத்தன் மூடியைத் திறப்பான். திறந்த உடனே தெரிஞ்சுடும். அவன் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பான். ஊர்ல ஒருத்தன் சிரிக்கிறதுக்கா நான் பொண்ணு குடுக்கறேன்?"

சித்தப்பா காப்பியைக் குடிச்சுட்டுப் போயிட்டாரு. அன்னிக்கு ராத்திரியே அப்பா வேலையை ஆரம்பிச்சுட்டாரு. எங்க? எங்க வீட்டு அடுப்பங்கரையில.

தாய்மார்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும். ஆடம்பர வாட்ச்சுன்னா ஏதோ பனிமலை நடுவுல, வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு, தூசி இல்லாத அறையில செய்யறதுன்னு நினைக்கிறோம். எங்க வீட்டுல அரிசி டப்பாவுக்கும் ஸ்டவ்வுக்கும் நடுவுல செஞ்சாரு.

டயலுக்குப் பாத்திரக் கடையில வாங்கின பித்தளைத் தகடு. நகை ஆசாரிகிட்ட இரவல் வாங்கின மெல்லிசு ரம்பத்தால வட்டமா அறுத்தாரு. உப்புத்தாள் தேய்ச்சாரு. நடுவுலருந்து வெளிப்பக்கமா, ஒரே திசையில, ஒரே அழுத்தத்துல தேய்ச்சாரு. அப்படித் தேய்ச்சா சூரியன் கதிர் மாதிரி ஒளி பிரியும். கையைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் டயலைச் சுத்தி ஓடும். கடைக் கண்ணாடிக்குள்ள பார்க்கிற விலை உயர்ந்த வாட்ச்சுல அப்படி ஒரு மினுமினுப்பு இருக்கும் பாருங்க, அதேதான். ஒரு தடவை கை தப்பினா கோடு விழுந்துடும். நாலு தகடு வீணாச்சு. அஞ்சாவதுதான் அவருக்குப் பிடிச்சது. எண்ணு எதுவும் போடல. பன்னிரண்டு கோடு மட்டும் கீறி, அதுல கறுப்பு பெயிண்டை நிரப்பினாரு. பித்தளை கறுக்கக் கூடாதேன்னு மேல பூசறதுக்கு என்னோட கலர் இல்லாத நெயில் பாலிஷ். என் பங்குக்கு அதைக் குடுத்தேன்!

அடுத்தது முள்ளு. பழைய சுவர்க் கடிகாரத்தோட ஸ்பிரிங்கை ஒரு துண்டு வெட்டி, சின்ன அரத்தால ராவி ராவி, இலை மாதிரி ரெண்டு முள்ளு செஞ்சாரு. ரொம்ப மெல்லிசா இருக்கணும். முள்ளு கனத்தா மெஷின் இழுக்காது. அப்புறம் அதுக்கு நீலம் ஏத்தணும். நடுவர் அவர்களே, பெயிண்ட் இல்ல. எஃகைச் சூடு பண்ணினா தானா நிறம் மாறும். முதல்ல வைக்கோல் மஞ்சள், அப்புறம் காப்பி நிறம், அப்புறம் ஊதா, கிட்டத்தட்ட முந்நூறு டிகிரியில மயில் கழுத்து நீலம். அதுக்கு மேல ஒரு நொடி விட்டா சாம்பல் நிறமாப் போயிடும். சுவிட்சர்லாந்துல பெரிய பெரிய கம்பெனியிலயும் நீல முள்ளுக்கு இதே நெருப்பு வித்தைதான். எங்க அப்பா எதுல சூடு பண்ணினாரு? எங்க அம்மாவோட தாளிக்கிற கரண்டியில! (சிரிப்பு) கரண்டியில பித்தளைத் தூளைக் கொட்டிப் பரப்பி, அது மேல முள்ளை வச்சு, சின்னத் தீ. தூளு இருந்தாத்தான் சூடு சமமா ஏறும். அம்மா பக்கத்துலயே நின்னுக்கிட்டு, "ஊதா வந்துடுச்சுங்க... நீலம், நீலம், எடுங்க எடுங்க"ன்னு கத்துவாங்க. கடுகு தாளிக்கிற பதம் தெரிஞ்சவங்களுக்கு இந்தப் பதமும் தெரியும் போல. அந்தக் கரண்டி அதோட சரி, அப்புறம் தாளிக்க லாயக்கில்ல.

கூடு ஒரு பழைய எச்.எம்.டி.யோடது. ஸ்டீலு. கீறல் போகத் தண்ணி விட்டுத் தேய்ச்சுப் பாலிஷ் போட்டதும் புதுசாயிடுச்சு. உள்ள வச்சது ஜப்பான் குவார்ட்ஸ் மெஷின், பாரிமுனையில வாங்கினது. அது கூட்டை விடச் சின்னது, உள்ள லொடலொடன்னு ஆடுச்சு. நம்ம வீட்டுல தண்ணிக் குழாய் போடறாங்களே பி.வி.சி. பைப்பு, அதுல ஒரு வளையம் அறுத்து, ராவி, மெஷினைச் சுத்தி இறுக்கமாச் சொருகிட்டாரு.

பட்டைக்கு நாங்க ரொம்ப தூரம் போகல. குரோம்பேட்டைக்கு அந்தப் பேரு வந்ததே குரோம் லெதர் தொழிற்சாலையாலதானே. நாகல்கேணி தோல் பதனிடற பக்கம் போனா வெட்டுத் துண்டு கிடைக்கும். அதை வாங்கிட்டு வந்து, ரெண்டு ஊசியை எதிரெதிரா விட்டு, மெழுகு தடவின நூலால நான் தச்சேன். ஆமாங்க, என் மாப்பிள்ளை வாட்ச்சுக்குப் பட்டை தச்சது நான்தான். கேட்ட சீரைப் பொண்ணே தச்சுக் குடுத்த கல்யாணம் எங்களோடதாத்தான் இருக்கும்.

மொத்தச் செலவு 240 ரூபாய் சொச்சம். பதினாறு ராத்திரி.

இப்ப எதிரணி அண்ணனுக்கு வர்றேன். "குவார்ட்ஸ் மெஷின் வாட்ச்செல்லாம் மட்டம்"னு அண்ணன் பேச்சு வாக்குல ஒரு வார்த்தை விட்டாரு. அண்ணே, 1969-ம் வருஷம் டிசம்பர் 25-ம் தேதி, டோக்கியோவுல சைக்கோ கம்பெனி உலகத்தோட முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்துச்சு. பேரு ஆஸ்ட்ரான். விலை நாலரை லட்சம் யென். அந்தக் காசுக்கு அன்னிக்கு ஜப்பான்ல ஒரு டொயோட்டா கொரோலா காரே வாங்கலாம்! காரு விலை விற்ற அந்த வித்தைதான், இன்னிக்கு நடைபாதையில விக்கிற வாட்ச்சுக்குள்ள ஓடுது. உள்ள இருக்கிற சின்னப் படிகம் ஒரு நொடிக்கு 32,768 தடவை அதிருது. ஏன் அந்தக் கணக்கு? ஒண்ணை ரெண்டாக்கி, ரெண்டை நாலாக்கி, இப்படிப் பதினஞ்சு தடவை இரட்டிச்சா 32,768. அதையே பதினஞ்சு தடவை பாதியாக்கிக்கிட்டு வந்தா நொடிக்கு ஒரே ஒரு துடிப்பு. அந்தத் துடிப்புலதான் முள்ளு நகருது.

அண்ணன் கையில கட்டியிருக்கிறது ஆட்டோமேட்டிக். சுவிஸ்காரங்க ஒரு ஆட்டோமேட்டிக் வாட்ச்சைச் சோதிச்சு 'குரோனோமீட்டர்'னு உயர்ந்த சான்றிதழ் குடுக்கணும்னா, அது ஒரு நாளைக்குச் சராசரியா நாலு நொடி பின்னாலயோ ஆறு நொடி முன்னாலயோ போகலாம். எங்க அப்பா வாங்கின மெஷின் ஒரு மாசத்துக்கே இருபது நொடிக்கு மேல தப்பாது. அப்ப நேரம் காட்டறதுதான் வாட்ச்சோட பெருமைன்னா, அண்ணன் ஒரு லட்சம் எதுக்குக் குடுத்தாரு?

நானே பதில் சொல்றேன். குவார்ட்ஸ் வந்த வேகத்துல சுவிட்சர்லாந்து வாட்ச் தொழிலே படுத்துடுச்சு. 1970-ல சுமார் 90,000 பேரு அந்தத் தொழில்ல இருந்தாங்க. பதினஞ்சு வருஷத்துல அது முப்பதாயிரம் சொச்சமாச் சுருங்கிப் போச்சு. திரும்ப எப்படி எழுந்தாங்க? ஒரு பக்கம் அவங்களே பிளாஸ்டிக்குல மலிவா குவார்ட்ஸ் வாட்ச் செஞ்சாங்க. இன்னொரு பக்கம், "எங்க வாட்ச் மனுஷன் கையால ராவினது, மனுஷன் கையால மெருகு போட்டது"ன்னு சொல்லி வித்தாங்க. அண்ணன் குடுத்த லட்சத்துல பெரும்பங்கு அந்தக் கைக்கும் அந்தப் பேருக்கும். அதனால அண்ணே, நீங்க அரை மணி நேரமா எங்க அணிக்குத்தான் பேசியிருக்கீங்க, உங்களுக்கே தெரியல! (பலத்த கைதட்டல்)

இங்கிலாந்துல ஜான் ஹாரிசன்னு ஒரு தச்சர். பதினெட்டாம் நூற்றாண்டு. மரத்துல கடிகாரம் செஞ்சு பழகின கை. கப்பல்காரங்க நடுக்கடல்ல எந்த இடத்துல இருக்காங்கன்னு கண்டுபிடிக்கிறதுக்கு ஒரு வழி வேணும்னு 1714-ல பார்லிமெண்ட்டு 20,000 பவுண்டு பரிசு வச்சுது. ஹாரிசனோட நாலாவது கடிகாரம் 1761-ல ஜமைக்காவுக்குக் கப்பல்ல போச்சு. 81 நாள்ல தப்பினது அஞ்சு நொடி. பரிசு வச்ச பெரிய மனுஷங்க உடனே குடுத்தாங்களா? தச்சர்தானேன்னு இழுத்தடிச்சாங்க. எங்க சம்பந்தி வீட்டுத் தாய்மாமன் மாதிரி அங்கயும் நாலு பேரு இருந்திருக்காங்க.

கல்யாணத்துக்கு வர்றேன். மேளம் வாசிக்கிறாங்க. தட்டுல வாட்ச் இருக்கு. தாய்மாமன் கண்ணாடியை மாட்டிக்கிட்டு எடுத்துப் பார்த்தாரு. டயலைப் பார்த்தாரு, திருப்பிப் பின்மூடியைப் பார்த்தாரு. "என்ன கம்பெனி? பேரையே காணோமே?"

அப்பா சொன்னாரு, "கம்பெனி இல்லீங்க. நான் செஞ்சது."

நாதஸ்வரக்காரர் அந்த நேரம் பார்த்து மூச்சு வாங்கினாரு. மண்டபமே அமைதி. எங்க அம்மா தூணைப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்குத் தலையை நிமிர்த்த முடியல. ஒரு பேரை எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும் ஐயா. அஞ்சு இங்கிலீஷ் எழுத்து. எழுதறதுக்கு அவருக்கு அரை மணி நேரம் ஆகாது. டூப்ளிகேட் செய்யறவனுக்கு இருக்கிற கை அவருக்கும் இருந்துச்சு. எழுத மாட்டேன்னு நின்னதுக்காக, மகள் கல்யாண மேடையில தலை குனிஞ்சு நின்னாரு.

மாப்பிள்ளை இடது கையை நீட்டினாரு. "கட்டி விடுங்க மாமா"ன்னாரு.

(கைதட்டல்)

இருங்க, இருங்க. சினிமாவா இருந்தா இங்க முடிச்சுடலாம். இது குடும்பம். எங்க அத்தை, அதாவது மாமியார், எட்டு மாசம் எங்க அப்பாகிட்ட முகம் குடுத்துப் பேசல. இவருக்கும் மனசுல கொஞ்சம் குறைதான். பின்னால அவரே ஒத்துக்கிட்டாரு. ஆபீசுல யாராவது கேட்டா, "இது லிமிடெட் எடிஷன், உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு"ன்னு சொல்லிச் சமாளிச்சிருக்காரு. அதுல பொய் இல்லையே! (சிரிப்பு)

அந்த வருஷம் மழை வந்துச்சு. தாம்பரம் ஸ்டேஷன்லருந்து வீட்டுக்கு நனைஞ்சுக்கிட்டே நடந்து வந்தாரு. மறுநாள் கண்ணாடிக்குள்ள ஆவி. அதுக்கு மறுநாள் வாட்ச் நின்னுபோச்சு. மாமனார்கிட்டச் சொன்னா வருத்தப்படுவாரேன்னு எனக்கே தெரியாம குரோம்பேட்டையில ஒரு ரிப்பேர் கடைக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு.

கடைக்காரர் பின்மூடியைத் திறந்தாரு. ஒரு துளி தண்ணி. மூடியோட உள்பக்கம் பொடியா ஒரு எழுத்து, பக்கத்துல தேதி. ரிப்பேர் பண்றவங்க வேலை பார்த்த வாட்ச்சுக்குள்ள ஊசியால இப்படி ஒரு குறி கீறி வைப்பாங்க. வாட்ச் கட்டியிருக்கிறவங்களுக்குத் தெரியாது. அடுத்து மூடியைத் திறக்கிறவருக்கு மட்டும் தெரியும். அவரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாராம். "இது தாம்பரம் அண்ணன் குறியாச்சே. ரிப்பேர் பண்ணினாரா?"ன்னு கேட்டிருக்காரு. "இல்ல, அவரே செஞ்சது"ன்னு இவரு சொல்லியிருக்காரு.

அவரு சிரிக்கல. சாமணத்தால முள்ளைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சு, "இந்த நீலம் எங்க ஏத்தினாரு?"ன்னாராம். தாளிக்கிற கரண்டி கதை இவருக்கும் தெரியும், சொல்லியிருக்காரு. தண்ணியை எடுத்து, மெஷினைக் காய வச்சு, புது பேட்டரி போட்டு ஓட விட்டுட்டு, பேட்டரிக் காசு மட்டும் வாங்கிக்கிட்டாராம்.

இவரு வீட்டுக்கு வர்றதுக்குள்ள சேதி மின்சார ரயில் ஏறித் தாம்பரம் போயிடுச்சு. ராத்திரி அப்பா வந்து நிக்கிறாரு. ஏன் என்கிட்ட கொண்டு வரலைன்னு கேக்கல. "தப்பு என் மேலதான் மாப்பிள்ளை. சாவிக் குழலுக்கு வாஷர் உக்காரல. பழைய கூடு, புது மெஷின், அளவு சேரல. தெரிஞ்சும் விட்டுட்டேன்"னாரு. அதுக்கப்புறம் மூணு தடவை பிரிச்சுப் பார்த்தாரு. அந்த ஒரு குறை மட்டும் தீரவே இல்ல. நெயில் பாலிஷ் உரிஞ்ச இடத்துல டயலும் ஒரு ஓரமா பழுப்பேறிடுச்சு. அதுக்குக் காரணம் நான் வாங்கின மட்டமான பாலிஷ், ஒத்துக்கறேன்.

அப்பாவுக்கு இப்ப எண்பத்தி மூணு. கை நடுங்குது. பெட்டியை எடுத்துட்டோம். பேட்டரி மாத்தணும்னா குரோம்பேட்டைக்குத்தான் போறோம். அங்க இப்ப அவரு பையன் உக்காந்திருக்கான். மூடிக்குள்ள இப்ப நிறையத் தேதி இருக்கு.

கேமராக்காரத் தம்பி, கொஞ்சம் அந்த மூணாவது வரிசைப் பக்கம் திருப்புங்க. நீலச் சட்டை போட்டுக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காரு பாருங்க, அவருதான். ஏங்க, கையைத் தூக்கிக் காட்டுங்க. பார்த்தீங்களா? வெறுங்கை! (சிரிப்பு) நடுவர் அவர்களே, அதைக் கட்டிக்கிட்டு வரச் சொல்லித்தான் காலையில சொன்னேன். சாயங்காலம் மழை வரும்னு டி.வி.யில சொன்னாங்களாம். பீரோவுல பத்திரமா வச்சுப் பூட்டிட்டு வந்திருக்காரு.